"நல்லா வாசிச்ச சாமி, என்ன பாட்டு அது?" தனிக் கிட்டாரில் ஆராதனைப் பாடல்கள்

ஆறுகம்பி (கிருஷ்ணகிரி)
ஞாயிறு, பிற்பகல் 2:40

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு பழைய லுத்தரன் சபையில் கிட்டார் வாசிக்கிறேன். ஏழு வருடமாகப் பாடகர் குழுவுக்குப் பின்னால் நின்று கார்டு (பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) பிடிப்பதுதான் என் வேலை. போன மாதம் கீபோர்டு அண்ணனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. "காணிக்கை எடுக்கும்போது நீ மட்டும் தனியா வாசி தம்பி, பாட்டு வேண்டாம்" என்றார் போதகர் ஐயா.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனையை எடுத்துக்கொண்டேன். ராகம் மோகனம். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு வாரம் இரவில் பழகினேன். நடுவில் நல்ல கார்டுகள், இடையிடையே ஹார்மோனிக்ஸ் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி), முடிவில் மேலிருந்து கீழே ஓர் ஓட்டம். இன்று காலை வாசித்தேன், ஓர் இடத்திலும் தப்பு வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் முன்வரிசைப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வாசிச்ச சாமி, என்ன பாட்டு அது?" என்கிறார்.

அவர் அறுபது வருடமாகப் பாடும் பாட்டு அது.

போனில் எடுத்த பதிவை இணைத்திருக்கிறேன். சாதாரண இரும்புக் கம்பிக் கிட்டார், கம்பியின் பருமன் 12 கேஜ், வழக்கமான டியூனிங், சி ஸ்கேல். எங்கே கோட்டைவிட்டேன் என்று சொல்லுங்கள்.

மாங்கொட்டை (காவேரிப்பட்டணம்)
ஞாயிறு, பிற்பகல் 2:58

பாட்டிக்குக் காது மந்தம் என்று முடித்துக்கொள்ளுங்கள். செலவில்லாத தீர்வு.

ஆறுகம்பி
ஞாயிறு, பிற்பகல் 3:05

அவர் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியாது அண்ணா. காணிக்கைப் பையில் விழுந்தது நாணயமா நோட்டா என்று திரும்பாமலே சொல்வார்.

ஓசூர் கேபோ
ஞாயிறு, மாலை 6:20

பதிவைக் கேட்டேன். விரல் சுத்தமாக இருக்கிறது. ஸ்கேல் எடுத்ததில்தான் முதல் கோளாறு.

சி-யில் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், சபையில் ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், பாடுவோம் என்பீர்கள். அது தொண்டைக்குப் போட்ட கணக்கு. தனிக் கிட்டாருக்குக் கணக்கு வேறு. மெட்டு எப்போதும் சுரத்தில் மேலே இருக்கும் கம்பிகளில் ஓட வேண்டும். அதாவது ஒன்று, இரண்டு, எட்டாத இடத்தில் மூன்று. கார்டும் பேஸும் (தடித்த கம்பிகளின் கீழ்ச் சுரம்) அதற்குக் கீழே. மெட்டு கீழே இறங்கி கார்டுக்குள் புகுந்துவிட்டால் கேட்பவருக்கு அது தனியாகப் பிரியாது. கூட்டத்தில் குள்ளமான ஆளைத் தேடுவது மாதிரி.

உங்கள் பாட்டு ச-வில் தொடங்கி மேல் ச வரை போகிறது. சி ஸ்கேலில் ச இரண்டாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கோட்டில்). மேல் ச முதல் கம்பியின் 8-ம் ஃபிரெட்டில். அங்கே கை போனால் பேஸ் போய்விடும். அதனால்தான் அனுபல்லவியில் மெட்டு மேலே ஏற வேண்டிய இடத்தில் நீங்கள் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி நாலாம் கம்பிக்குக் கொண்டுபோனீர்கள். பாட்டி பாட்டைத் தொலைத்த இடம் அதுதான் என்பது என் ஊகம்.

ஜி ஸ்கேலுக்கு மாற்றிப் பாருங்கள். திறந்த மூன்றாம் கம்பி ச. முதல் கம்பியின் 3-ம் ஃபிரெட் மேல் ச. ஒரு ஸ்தாயி முழுவதும் கையை நகர்த்தாமல் கிடைக்கிறது. ஏ ஸ்கேலும் இதேபோல் உட்காரும், 2-ம் ஃபிரெட்டிலிருந்து 5 வரை. கூடவே ஏ, டி, இ மூன்று பேஸும் திறந்த கம்பிகள் என்பதால் இடது கை மெட்டுக்கு மட்டும் வேலை செய்தால் போதும். பாட்டு கீழ் ப-விலிருந்து நடு ஸ்தாயி ப வரை ஓடுகிற வகை என்றால் அப்போது சி அல்லது டி. பாட்டின் ஏற்ற இறக்கத்தை முதலில் பார்த்துவிட்டு ஸ்கேலை முடிவு செய்யுங்கள். மற்றதைக் கேபோ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) பார்த்துக்கொள்ளும். ஜி கைவைப்பில் 2-ம் ஃபிரெட்டில் கேபோ போட்டால் ஆறு கட்டை.

கேபோ போட்டபின் மறுபடி சுருதி சேர்க்க மறக்காதீர்கள். அழுத்தத்தில் கம்பி கொஞ்சம் ஏறிவிடும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, பிறகு கிட்டாரைக் குறை சொல்வார்கள்.

பழைய பெஞ்சு
ஞாயிறு, இரவு 8:15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். காணிக்கை நேரத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆர்மோனியமும் வயலினும் இருந்த காலத்தில் பாட்டு பாட்டாக இருந்தது. கிட்டார் வந்தது, டிரம்ஸ் வந்தது, இப்போது தனி ஆவர்த்தனமும் வந்துவிட்டது. கோயிலா கச்சேரி மேடையா?

பாமாலைக்காரர் (தருமபுரி)
ஞாயிறு, இரவு 9:30

பெஞ்சு ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. நாற்பது வருடம் பைப் ஆர்கன் கனவிலேயே கால்மிதி ஆர்மோனியம் வாசித்தவன் நான். ஆனால் கிட்டார் நேற்று வந்தது என்பதை ஏற்க மாட்டேன். இந்தத் தம்பி லுத்தரன் சபை என்கிறார். மிசூரி லுத்தரன் மிஷன் 1895-ல் இந்தியாவில் வேலையைத் தொடங்கிய ஊரே கிருஷ்ணகிரிதான். அவர்கள் பெயரில் இருக்கும் மார்ட்டின் லூத்தர் என்ன வாத்தியம் வாசித்தார் தெரியுமா? லூட். மடியில் வைத்து விரலால் மீட்டுகிற வாத்தியம், கிட்டாருக்குப் பெரியப்பா முறை.

இன்னொன்று. உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸ் இரவில் பாடும் 'சைலண்ட் நைட்' கிட்டாருக்காகப் பிறந்த பாட்டு. 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊர். யோசஃப் மோர் என்ற பாதிரியார் இரண்டு வருடம் முன்பே எழுதி வைத்திருந்த கவிதைக்கு ஃபிரான்ஸ் குரூபர் மெட்டுப் போட்டார். இரண்டு பேர் பாட, ஒரு கிட்டார். அவ்வளவுதான் அந்த இரவின் இசைக்குழு.

மாங்கொட்டை
ஞாயிறு, இரவு 9:41

ஆமாம் ஐயா, ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கிட்டாரை எடுத்தார்களாம். எங்கள் ஞாயிறு பள்ளியில் படமே போட்டுக் காட்டினார்கள்.

பாமாலைக்காரர்
ஞாயிறு, இரவு 9:55

எலி பின்னாளில் வந்து சேர்ந்த கதை தம்பி. குரூபர் 1854-ல் அந்தப் பாட்டு பிறந்த விதத்தைத் தம் கையால் எழுதி வைத்தார். அதில் எலி கிடையாது. மோர் சுமார் 1820-ல் எழுதிய கைப்பிரதி கிடைத்திருக்கிறது. டி ஸ்கேல், ஆறு-எட்டுத் தாளம், கிட்டாருக்கான சுரங்களோடு. கம்பி ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டும்படி எழுதியிருக்கிறார், ஸ்ட்ரம்மிங் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆறுகம்பி தம்பி அடுத்தபடி ஞானப்பாட்டு அல்லது பாமாலை வாசிக்க ஆசைப்படுவார். அவை நாலு குரலுக்கு எழுதியவை. நாலையும் கிட்டாரில் பிடிக்கப் போனால் விரல் சுளுக்கிக்கொள்ளும். சொப்ரானோவையும் (மேல் குரல்) பேஸையும் (கீழ்க் குரல்) மட்டும் எடுங்கள். முதலில் இந்த இரண்டை மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். பாட்டின் எலும்பு அதிலேயே முழுதாக இருக்கும். நடுக்குரல் இரண்டிலிருந்தும் ஒரு சுரம், அதுவும் வரி முடிகிற இடங்களில், சேர்த்தால் போதும். வாத்தியக்காரர்கள் நடுவில் நிரப்பத்தான் துடிப்பார்கள். நானும் துடித்தவன்தான்.

புத்தகத்தில் ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்றெல்லாம் இருக்கும். பயப்பட வேண்டாம். ஈ ஃபிளாட் என்றால் டி கைவைப்பு, முதல் ஃபிரெட்டில் கேபோ. ஏ ஃபிளாட் என்றால் ஜி கைவைப்பு, அதே முதல் ஃபிரெட். எஃப் வந்தால் டி கைவைப்பை 3-ல். பி ஃபிளாட்டுக்கு ஜி கைவைப்பை 3-ல்.

கோவிலூர் கொயர்
திங்கள், காலை 7:10

நாங்கள் கத்தோலிக்கர். தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிவதற்கு முன்பே எங்கள் பாடற்குழுவில் கிட்டார் உண்டு. எங்களுக்கு ஒரு கூடுதல் விதி இருக்கிறது, இந்த இழையைப் படிக்கும் எங்கள் சபைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தவக்காலத்தில் தனி வாத்தியம் கூடாது. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை 313-ம் எண்ணில் இருக்கிறது: அந்த நாட்களில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டுமே. தவக்காலத்தின் 4-ம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. நான் ஒரு வருடம் இது தெரியாமல் காணிக்கைக்கு அழகாகத் தனியாக வாசித்துவிட்டு, ஃபாதர் பாராட்டுவார் என்று சக்ரீஸ்துக்கு (ஃபாதர் உடை மாற்றும் அறை) போய் நின்றேன். பாராட்டவில்லை.

ஆறுகம்பி
திங்கள், இரவு 11:50

நைட் ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். ஓசூர் அண்ணா, ஜி-க்கு மாற்றினேன். மெட்டு இப்போது மேலே தெளிவாக நிற்கிறது. நன்றி. ஆனால் சி கார்டும் டி கார்டும் வரும் இடங்களில் பழைய சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கீர்த்தனை வாசம் போய்விடுகிறது. ஏன்?

ஓசூர் கேபோ
செவ்வாய், காலை 6:45

மோகனத்தில் ஐந்தே சுரம். ம-வும் இல்லை, நி-யும் இல்லை. ஜி-யை ச-வாக வைத்தால் உங்கள் கையில் இருப்பது ஜி, ஏ, பி, டி, இ. இந்த ஐந்துக்குள் முழுதாக அடங்கும் சாதாரணக் கார்டு இரண்டுதான்: ஜி மேஜர், இ மைனர். சி கார்டு பிடித்தால் அதன் தலைச்சுரமே ம. டி கார்டு பிடித்தால் நடுவில் நி. ராகத்தில் இல்லாத ஆளைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்.

சி வரும் இடத்தில் இ மைனர் வைத்துப் பாருங்கள். டி வரும் இடத்தில் டி சஸ்-ஃபோர். அதில் டி, ஜி, ஏ மட்டும்தான், எல்லாம் வீட்டு ஆள். ஏ சஸ்-ஃபோரும் அப்படியே. சில இடங்களில் கார்டே வேண்டாம், பேஸில் ச மட்டும் ஒலிக்கட்டும்.

இன்னும் ஒருபடி போக ஆசை இருந்தால் டியூனிங்கை மாற்றுங்கள். கிட்டார்காரர்கள் டாட்கேட் என்று ஒன்று சொல்வார்கள்: டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960-களில் இங்கிலாந்தில் டேவி கிரஹாம் என்ற கிட்டார்காரர் பரப்பியது, மொராக்கோ போய் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது கண்டது. நம் கண்ணுக்கு அதை இப்படிப் படிக்கலாம்: ச ப ச ம ப ச. தம்பூராவைக் கிட்டாருக்குள் வைத்த மாதிரி, சுருதி இரண்டு கட்டை. ம-வில் நிற்கிற ராகங்களுக்கு அருமை. ஆனால் உங்கள் மோகனத்துக்குத் திறந்த ம கம்பி உதைக்கும். அதை மட்டும் அரைச் சுரம் இறக்கிவிடுங்கள், எஃப் ஷார்ப் ஆகிவிடும். இப்போது ச ப ச க ப ச. மேலே முதல் கம்பி ஒன்றிலேயே ச-விலிருந்து 12-ம் ஃபிரெட் மேல் ச வரை, வீணை மாதிரி இழுத்து வாசிக்கலாம். கீழே திறந்த கம்பிகள் தானாகச் சுருதி போடும். மாற்றுகிற கம்பியெல்லாம் இறங்குகிறதே தவிர எதுவும் ஏறுவதில்லை, அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஆராதனைக்கு நடுவில் டியூனிங் மாற்றாதீர்கள். ஜெபம் நடக்கும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். எல்லாரும் கண்ணைத் திறந்து உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அரூர் அக்கா
செவ்வாய், பிற்பகல் 1:30

நான் பெரிய வாசிப்பாளி இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பேன், அதுவும் நைலான் கம்பியில், விரல் தாங்காது. ஆனால் தம்பியின் பதிவை மூன்று தடவை கேட்டேன். ஸ்கேல், கார்டு எல்லாம் அண்ணன்கள் சொன்னது சரி. எனக்குப் பட்டது வேறு.

பல்லவியின் முதல் வரியில் எத்தனை எழுத்து? ஒற்றெழுத்தை (புள்ளி எழுத்தை) விட்டுவிட்டு எண்ணினால் பதினான்கு. பதிவில் நீங்கள் எத்தனை தடவை மெட்டுக் கம்பியை மீட்டுகிறீர்கள் என்றும் எண்ணினேன். இருபத்தொன்று.

எங்கே இருந்து வந்தது அந்த ஏழு? பாடுகிறவர் ஓர் எழுத்தையே இரண்டு மூன்று சுரத்துக்கு இழுப்பார். நீங்கள் அந்த ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக மீட்டிவிட்டீர்கள். பாட்டி மனசுக்குள் வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்கிறார். அவருக்கு ஒவ்வொரு மீட்டும் ஒரு புது எழுத்து. அவர் கையில் பதினான்கு எழுத்து, உங்களிடமிருந்து இருபத்தொன்று வருகிறது. எந்தப் பாட்டிலும் அது பொருந்தாது.

அதனால் எழுத்துக்கு ஒரு மீட்டு. இழுக்கிற சுரமெல்லாம் இடது கை வேலை: ஹாமர்-ஆன் (விரலால் தட்டுவது), புல்-ஆஃப் (விரலைச் சுண்டி எடுப்பது), இல்லாவிட்டால் ஸ்லைடு (வழுக்கிக்கொண்டு போவது). வலது கை புதிதாக மீட்டினால் அங்கே ஓர் எழுத்து பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெடில் வரும் இடம் கிட்டாருக்குக் கஷ்டம்தான். கீபோர்டில் விரலை எடுக்காமல் இருந்தால் ஒலி நிற்கும், கம்பியில் செத்துவிடும். அங்கே சும்மா இருக்கப் பயந்து மேலே ஒரு அலங்காரம் போடுவோம். கேட்பவர் அதையும் மெட்டு என்று நினைத்துக்கொள்வார். நிரப்ப வேண்டுமானால் கீழ்க் கம்பிகளில் நிரப்புங்கள், மெட்டுச் சுரத்தைத் தாண்டி எதுவும் மேலே போகக் கூடாது. அப்புறம் வரி முடிவில் சபை மூச்சு வாங்குமே, அந்த இடத்தை நீங்கள் கார்டு போட்டு அடைத்துவிட்டீர்கள். திறந்து விடுங்கள்.

நான் வீட்டில் செய்கிற சோதனை: வாசித்துக்கொண்டே வாய்விட்டுப் பாடுவேன். பாட வரவில்லை என்றால் அந்த அரேஞ்ச்மென்டைத் தூக்கிப் போட்டுவிடுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

குமாரசாமிப்பேட்டை
செவ்வாய், இரவு 7:00

நான் முருகன் கோயில் பக்கத்து ஆள், உங்கள் பேச்சில் கலந்துகொள்ளலாமா? அக்கா சொன்னது திருப்புகழுக்கு அப்படியே பொருந்துகிறது. தைப்பூசத்துக்கு வீட்டில் கிட்டாரில் வாசிப்பேன். அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டிலேயே வலது கைப் பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நண்பர்களிடம் சொல்வேன். சந்தம்தான் அந்தப் பயிற்சி. 'தனன' என்றால் மூன்று குறில், மூன்று சமமான மீட்டு. 'தான' என்றால் முதல் மீட்டை ஒலிக்க விட வேண்டும். 'தத்த' என்றால் முதல் மீட்டை உடனே உள்ளங்கையால் அடக்க வேண்டும், அந்த ஒற்று அப்போதுதான் கேட்கும். 'தந்த' என்றால் அடக்காமல் மூக்கொலி மாதிரி லேசாகத் தொங்க விடுவேன். பாட்டின் சந்தத்தை முதலில் ஒரே கம்பியில், மெட்டே இல்லாமல், வலது கையால் மட்டும் வாசிப்பேன். அது வந்துவிட்டால் மெட்டு தானாக வந்து உட்காரும்.

அக்கா ஒற்றை எண்ணவில்லை என்றார். எண்ண வேண்டாம், ஆனால் அதன் இடத்தில் அடக்குங்கள் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அரூர் அக்கா
செவ்வாய், இரவு 7:25

அட, இதை நான் யோசிக்கவே இல்லை. தாராளமாக வாருங்கள் தம்பி. நாளைக்கே பிள்ளைகளிடம் 'தத்த, தந்த' சொல்லிக்கொடுக்கப் போகிறேன். எங்கள் போதகர் கேட்டால் தமிழ் இலக்கணப் பாடம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஓசூர் கேபோ
செவ்வாய், இரவு 9:10

அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓசூரில் ஒரு சிக்கல். எங்கள் கூட்டத்தில் ஒரே மெட்டைத் தமிழில் ஒரு சரணம், தெலுங்கில் ஒரு சரணம், கன்னடத்தில் ஒரு சரணம் பாடுவோம். தேன்கனிக்கோட்டைப் பக்கமும் இப்படித்தான். மூன்று மொழியிலும் எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. தமிழில் ஒரு நெடில் நிற்கும் இடத்தில் தெலுங்கில் இரண்டு குறில் வரும். நான் எந்த மொழியின் எழுத்துக்கு மீட்டுவது? வார்த்தை இல்லாத வாசிப்பு எல்லா மொழிக்கும் பொது என்பதால்தானே தனி வாத்தியத்தையே வைத்தோம்?

அரூர் அக்கா
செவ்வாய், இரவு 9:32

அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் மொழிக்கு.

ஓசூர் கேபோ
செவ்வாய், இரவு 9:40

மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் அக்கா.

பாமாலைக்காரர்
செவ்வாய், இரவு 10:05

அப்படியானால் பாடுவது போலவே வாசியுங்களேன். முதல் தடவை தமிழ் எழுத்துக்கு, இரண்டாம் தடவை தெலுங்குக்கு, மூன்றாவது கன்னடத்துக்கு. வார்த்தை இல்லாமல் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சலிப்புத் தட்டும் என்பதுதானே தனி வாத்தியத்தின் பெரிய தொல்லை? உங்கள் ஊர் அதற்குத் தீர்வையும் கையில் கொடுத்திருக்கிறது.

சலிப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆறுகம்பி தம்பி, கீர்த்தனையில் நாலைந்து சரணம் இருக்கும். ஒவ்வொன்றும் முடிந்து பல்லவிக்குத் திரும்பும். பாடும்போது வார்த்தை மாறுவதால் அலுக்காது. வாசிக்கும்போது எல்லாம் ஒன்றுதான். பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம் போதும். கடைசிப் பல்லவியைப் பேஸ் இல்லாமல் தனி மெட்டாக வாசித்து முடியுங்கள்.

மாங்கொட்டை
புதன், மதியம் 12:15

இவ்வளவு பெரியவர்கள் இருக்கும்போது என் பிரச்சினையையும் கேட்டுவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய கிட்டார். போன மே மாதம் மண்டிக்கு மாங்காய் ஏற்றப் போனபோது வேனிலேயே வைத்துவிட்டேன், மூன்று மணி நேரம். இப்போது பிரிட்ஜ் (கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை) பின்பக்கம் மேலே எழும்பி ஒரு நகக்கண் இடைவெளி தெரிகிறது. கம்பி விற்றவரிடம் கேட்டால் "கம்பியை மாற்றுங்கள்" என்கிறார்.

ஓசூர் கேபோ
புதன், மதியம் 1:00

கம்பியை மாற்றாதீர்கள், முதலில் கழற்றுங்கள். 12 கேஜ் செட் எழுபது கிலோவுக்கு மேல் இழுவையோடு அந்த பிரிட்ஜைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மூடிய வேனில் வெயிலில் பசை இளகிவிட்டது, அவ்வளவுதான். மரவேலை தெரிந்த கிட்டார் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து பிரிட்ஜை முழுதாக எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். ஃபெவிகுவிக் ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள். இனிமேல் 11 அல்லது 10 கேஜ் போடுங்கள். ஆறுகம்பி தம்பிக்கும் இது பொருந்தும். கமகம் மாதிரி இழுக்க வேண்டுமென்றால் 12 விரலைக் கொன்றுவிடும்.

கோவிலூர் கொயர்
புதன், மாலை 5:40

ஒரு சின்னச் சந்தேகம். புதுப் பாடல்களைத் தனியாக வாசித்து யூடியூபில் போடலாமா? கோயிலில் வாசிக்கவும் அனுமதி வேண்டுமா?

பழைய பெஞ்சு
புதன், இரவு 8:20

நான் முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 52-ம் பிரிவில் மத வழிபாட்டுச் சடங்கின்போது வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது. யூடியூப் வழிபாட்டுச் சடங்கு அல்ல. அங்கே போடுவதற்கு உரிமையாளரைக் கேளுங்கள். ஆசிரியர் இறந்து 60 வருடம் கடந்த பாட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய கீர்த்தனைகள் பல எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இறந்தது 1864-ல். ஆக, பழைய கீர்த்தனைகளிலேயே இருங்கள் என்பது என் சட்ட ஆலோசனையும் சொந்த ஆசையும்.

மாங்கொட்டை
புதன், இரவு 8:24

பெஞ்சு ஐயா கிட்டார் கட்சிக்கு வந்துவிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பெஞ்சு
புதன், இரவு 8:31

வரவில்லை.

ஆறுகம்பி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 1:50

எல்லோருக்கும் நன்றி. இன்று அதே பாட்டை மறுபடி வாசித்தேன். போதகர் ஐயாவிடம் கேட்டுத்தான், "போன மாசம் வாசிச்சது இதுவா?" என்று அவரும் கேட்டார், அது தனிக் கதை.

என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். ச ப ச க ப ச டியூனிங் வீட்டில் அற்புதமாக இருந்தது. ஆனால் அடுத்த பாட்டுக்குள் திரும்ப வழக்கமான டியூனிங்குக்கு வர என்னால் முடியவில்லை, இன்னொரு கிட்டாரும் இல்லை. அதனால் ஜி கைவைப்பு, 2-ல் கேபோ. 11 கேஜ் கம்பி. பாட்டை நோட்டில் எழுத்து எழுத்தாக எழுதி, மீட்டும் எழுத்துக்கு மேலே புள்ளி, இழுக்கும் இடத்தில் வளைகோடு போட்டேன். முதல் வாரம் கிட்டாரைத் தொடாமல் சந்தத்தை மேசையில் தட்டினேன். என் மனைவி இரண்டாம் நாளே மேசையைப் பூட்டிவைக்க முடியுமா என்று யோசித்தாள். ஹார்மோனிக்ஸ் எல்லாம் எடுத்தாயிற்று. அந்தக் கடைசி ஓட்டத்தை எடுக்கத்தான் மனசு வரவில்லை, நேற்று இரவு வரை வைத்திருந்தேன். வாசித்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். அந்த இடத்தில் வாய் அடைத்துப்போனது. எடுத்துவிட்டேன்.

இன்று பல்லவி இரண்டாம் தடவை வரும்போது முன்வரிசையில் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. அனுபல்லவியில் ஒரு இடத்தில் எனக்கு முன்னால் மூச்சு வாங்கினார்கள், நான் கொஞ்சம் காத்திருந்து சேர்ந்துகொண்டேன். பாமாலை ஐயா சொன்னபடி இரண்டு சரணம், பிறகு பேஸ் இல்லாமல் பல்லவி. காணிக்கைப் பை இன்னும் கடைசி வரிசைக்குப் போகவில்லை, ஆனாலும் முடித்துவிட்டேன்.

வெளியே பாட்டி நின்றுகொண்டிருந்தார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை, குடையால் லேசாக இடித்தார்.

"ஏஞ்சாமி, மூணாவது சரணம்தான் எனக்கு உசுரு. அத ஏன் வுட்டுட்ட?"

பாமாலைக்காரர்
ஞாயிறு, பிற்பகல் 2:15

தப்பு என்னுடையதுதான் தம்பி. பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நாலு சரணமும் வாசியுங்கள்.

மாங்கொட்டை
ஞாயிறு, பிற்பகல் 2:20

பிரிட்ஜ் ஒட்டியாயிற்று. 11 கேஜ் போட்டிருக்கிறேன். அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி, புள்ளியும் வளைகோடும் எப்படி என்று பார்க்க வேண்டும்.